கசியாத பெட்டி

காலை ஆறு மணிக்கு அஞ்சம்மாள் அக்கா ஏலத்தில் எடுத்த சங்கரா மீனின் முதுகை விரலால் அழுத்திப் பார்த்தால், விரலை எடுத்ததும் சதை மேலே எழும்பிவிடும். பத்தரை மணிக்குத் திருப்பாதிரிப்புலியூர்ச் சந்தையில் அதே மீனை அதே இடத்தில் அழுத்தினால் குழி அப்படியே நிற்கும். குழி நின்றால் மீன் போயிற்று என்று பொருள். இடைப்பட்ட நான்கரை மணி நேரத்தில் என்ன நடக்கிறது என்பது மூன்று வாரமாக எனக்குப் புரியவில்லை.

ஐஸ் போதவில்லை என்று சொல்ல வழியில்லை. பெட்டியின் மூடியைத் திறக்கும்போது மேலே இன்னும் ஐஸ் மிதந்துகொண்டிருக்கும். பெட்டி மட்டம் என்றும் சொல்ல முடியாது. இரட்டைச் சுவர், நடுவில் நுரை, மூடி விளிம்பில் ரப்பர் பட்டை என்று நன்றாகச் செய்த நீலப் பெட்டி. வெளிச்சூடு உள்ளே வரச் சிரமப்படும். அந்தப் பெட்டி வருவதற்கு முன் பதினாறு வருடம் அக்கா பனையோலைக் கூடையில்தான் மீன் விற்றார். அதே மீன், அதே ஐஸ், அதே தூரம். குழி விழவில்லை.

நான் பாலிடெக்னிக்கில் இயந்திரவியல் படித்தவள். ஒரு பொருள் ஏன் இப்படி நடந்துகொள்கிறது என்று தெரியாவிட்டால் எனக்குச் சாப்பாடு இறங்காது. ஆனால் எங்கள் குமராட்சியில் மீன் என்றால் கொள்ளிடத்து மீன். சட்டியிலேயே துள்ளும். கெட்டுப்போன மீனோடு எனக்குப் பழக்கமே கிடையாது. அந்தத் தகுதியின் அடிப்படையில்தான் 2006இல் என்னைக் கடலூருக்குத் தேர்ந்தெடுத்திருந்தார்கள்.

தேர்ந்தெடுத்தது 'தோளோடு தோள் இளையோர் சேவைப் பேரவை'. தலைமையகம் சிதம்பரத்தில். பேரவையின் முதல் விதி, சேவையைப் புதிய ஊரில்தான் செய்ய வேண்டும். சொந்த ஊரில் செய்தால் அது வீட்டுவேலை ஆகிவிடும் என்பது இயக்குநர் சபாபதி சாரின் கொள்கை. ஆகவே கடலைப் பார்த்தே வளர்ந்த ஆறு பேரை நாற்று நடவு பற்றி விளக்கக் கீரப்பாளையத்துக்கு அனுப்பினார்கள். வயலைப் பார்த்தே வளர்ந்த எங்கள் ஆறு பேரை, மீன் கொண்டுபோவது எப்படி என்று மீனவப் பெண்களுக்கு விளக்கக் கடலூருக்கு அனுப்பினார்கள். ஒரே நாளில் எதிரெதிர்ப் பேருந்தில் போனோம். புதுச்சத்திரம் தாண்டி ஒருவரையொருவர் பார்த்துக் கையாட்டினோம். அவர்களும் பயந்துபோய்த்தான் இருந்தார்கள்.

பேருந்தில் என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் ஜெயப்பிரகாஷ். கீரப்பாளையத்துக்காரன், பாலிடெக்னிக்கில் என்னோடு படித்தவன். விண்ணப்பத்தை எனக்கும் சேர்த்து வாங்கி வந்தவன் அவன்தான். "ஒரு வருஷம் வினோ. மனுசங்களுக்கு உதவியா இருந்தோம்னு சொல்லிக்க ஒண்ணு வேணாமா?" என்றான். நான் அவனை ஜேப்பி என்று கூப்பிடுவேன்.

எங்களுக்குக் கொடுத்த படிவத்தைப் பற்றிச் சொல்ல வேண்டும். பக்கத்தின் நடுவில் ஒரு கோடு. இடப்பக்கம் 'பிரச்சினை', வலப்பக்கம் 'தீர்வு'. இடப்பக்கத்தை மக்கள் சொல்வார்கள். வலப்பக்கத்தை அன்று மாலை குழு கூடி எழுதும். மக்கள் வாயிலிருந்து தீர்வு வந்தால் எழுதக்கூடாது. அது பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கப்பட்டது.

பெட்டி கொடுத்து மூன்றாம் நாள் நான் அந்தப் படிவத்தோடு அஞ்சம்மாள் அக்கா வீட்டு வாசலில் உட்கார்ந்தேன்.

"மீனு நசநசன்னு ஆயிடுதும்மா" என்றார் அக்கா. "கலரும் வெளுத்துடுது. பொட்டியில போட்டா இப்பிடி. அதுக்கு இன்னா பண்ணணும்னா..."

நான் பேனாவைத் தாளிலிருந்து எடுத்துவிட்டேன். "பிரச்சினைய மட்டும் சொல்லுங்கக்கா."

"அதான் சொல்ல வர்றேன். இதுக்கு..."

"அது வலப்பக்கம்க்கா. அத நாங்க யோசிச்சு எழுதுவோம்."

அக்கா என்னையும் படிவத்தையும் மாறி மாறிப் பார்த்தார். "சரி, நல்லா யோசிச்சு எழுதுங்க" என்று சொல்லிவிட்டு வலையில் சிக்கிய பாசியைப் பிய்க்கப் போய்விட்டார்.

அன்று மாலை குழு கூடி வலப்பக்கத்தில் எழுதியது: 'பயனாளிக்குப் பெட்டியின் மீது நம்பிக்கையை வளர்த்தல்.'

பெட்டி வாங்கும்போது கூடையைக் கொடுத்துவிட வேண்டும். அதற்குப் 'பழையன கைவிடும் விழா' என்று பெயர். மேளம் உண்டு. ஒன்பது பெண்கள் கூடையைக் கொடுத்துவிட்டார்கள். அஞ்சம்மாள் அக்கா மட்டும் இடுப்பில் வைத்துக்கொண்டு நின்றார். அவரைப் பேசிச் சம்மதிக்க வைக்கும் வேலை எனக்கு வந்தது. பெட்டியின் சுவர், நுரை, ரப்பர் பட்டை எல்லாவற்றையும் அரைமணி நேரம் விளக்கினேன். நான் சொன்னதில் ஒரு வார்த்தைகூடப் பொய் இல்லை. கடைசியில் அவர் கூடையை என் கையில் கொடுத்தார்.

"பொட்டிய நம்பி இல்ல. ஒன்ன நம்பித் தர்றேன்" என்றார்.

வேறு கூடை வாங்கிக்கொள்ளலாமே என்று கேட்பீர்கள். முடியாது. சந்தையில் தகரக் கொட்டகை போட்டுக் கொடுத்தது பேரவை. நீலப் பெட்டியோடு வருபவர்களுக்கே அதில் இடம். கூடையோடு வந்தால் வெயிலில் நிற்க வேண்டும். பெட்டியில் சேரும் தண்ணீரை மொண்டு ஊற்றலாமே என்றால், மேலே மீன் இருக்கும்போது மக் அடிவரை போகாது. மூடியைத் திறக்கும் ஒவ்வொரு தடவையும் சூடான காற்று உள்ளே போய் மிச்ச ஐஸையும் கரைக்கும்.

இனி சனிக்கிழமைக்கு வருகிறேன். சனிக்கிழமை மாலை நான்கு மணிக்கு 'கசிவுச் சோதனை' நடக்கும். பத்துப் பெட்டிகளையும் வரிசையாக வைப்போம். ஒவ்வொன்றின் அடியிலும் ஒரு செய்தித்தாள். ஒவ்வொன்றிலும் மூன்று குடம் தண்ணீர். பிறகு பத்து நிமிடம் எல்லோரும் வட்டமாக நின்று கை தட்ட வேண்டும். கடைசியில் பெட்டியை நகர்த்திச் செய்தித்தாளைத் தூக்கிப் பிடிப்போம். காய்ந்திருந்தால் பெட்டி தேறியது. மூடியில் பச்சை வில்லை ஒட்டப்படும். சிதம்பரத்துக்குப் போகும் அறிக்கையில் 'கசிவு: சுழியம்' என்று எழுதுவோம். பெட்டிக்குள் யாரும் எட்டிப் பார்ப்பதில்லை. பார்ப்பது செய்தித்தாளை மட்டும். மூன்று குடம் தண்ணீருக்கு அந்தக் குப்பத்தில் எவ்வளவு தூரம் நடக்க வேண்டும் என்பது படிவத்தின் எந்தப் பக்கத்திலும் இல்லை.

மூன்றாம் வாரக் கடைசியில் விருத்தாம்பாள் வாயைத் திறந்தார். சன்னதித் தெரு பக்கம் மெஸ் நடத்துபவர். அஞ்சம்மாள் அக்காவின் மீனில் பாதி தினமும் அவர் அடுப்புக்குத்தான் போகும். மிச்சப் பாதியை வாங்குகிறவர்களும் விருத்தாம்பாள் வாங்குகிறாரே என்றுதான் வாங்குவார்கள். அன்று அவர் சங்கராவை அழுத்தினார். குழி நின்றது.

"இன்னா அஞ்சம்மா இது, மாவு பெசஞ்சி கொண்டாந்தியா?"

"பொட்டி மாத்தினாங்க ஆத்தா. ரெண்டு நாளு பொறுத்துக்க."

"பொறுத்து பொறுத்துதான் மூணு வாரம் ஆச்சு. கொழம்புல போட்டா முள்ளு தனியா நீஞ்சுது. வர்ற பொங்கலுக்கு முன்னாடி சரி பண்ணு. இல்லன்னா நான் வேற ஆளப் பாத்துக்கிறேன். கோச்சிக்காத."

பொங்கலுக்குப் பன்னிரண்டு நாள் இருந்தது. திரும்பி வரும்போது ஷேர் ஆட்டோவில் அக்கா நகர்ந்து எனக்கு இடம் கொடுத்தார். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மறுநாள் சிதம்பரத்தில் மாதக்கூட்டம். பேரவை அலுவலக முன்னறையில் ஒரு கண்ணாடி அலமாரி உண்டு. 'மாற்றத்தின் சாட்சிகள்' என்று எழுதியிருக்கும். உள்ளே வெள்ளைத் துணியின் மேல் அஞ்சம்மாள் அக்காவின் கூடை. கீழே ஒரு அட்டை: 'பழைய முறை. நீர் ஒழுகும்.'

நான் அட்டையைப் படித்தேன். இன்னொரு தடவை படித்தேன். கூடைக்கு அடியில் வெள்ளைத் துணியில் வட்டமாக ஒரு பழுப்புக் கறை. அப்போதுதான் புரிந்தது.

ஐஸ் கரைந்தால் தண்ணீர். கூடையில் அந்தத் தண்ணீர் மீனின் மேல் வழிந்து, இரத்தத்தையும் வழவழப்பையும் கழுவிக்கொண்டு, கீழே ஒழுகிவிடும். மீன் குளிரும், ஊறாது. பெட்டியில் தண்ணீர் போக வழியில்லை. ஐஸ் மேலே மிதக்கும், மீன் கீழே மூழ்கும். தன் அழுக்கிலேயே நான்கரை மணி நேரம் ஊறும். ஊறினால் சதை உப்பும், வெளுக்கும், குழி விழும். பெட்டியில் எந்தக் குறையும் இல்லை. சோதனையில் அது தேறியதே மீன் கெடுவதற்குக் காரணம்.

அன்று சபாபதி சார் பேசினார். "நண்பர்களே, கடந்த மூன்று வாரத்தில் நம் பத்துப் பெட்டிகளில் ஒரு சொட்டுக்கூட வெளியே போகவில்லை. உள்ளே போனது உள்ளேயே இருக்கிறது. இந்தத் தேசத்தில் எத்தனை திட்டங்கள் இப்படிச் சொல்லிக்கொள்ள முடியும்?" என்றார். கை தட்டினோம்.

நான் கை தூக்கினேன். "சார், மீன் கெட்டுப்போகுது."

"பெட்டி?"

"பெட்டி நல்லா இருக்கு சார்."

"பிறகென்ன அம்மா? நாம் கொடுத்தது பெட்டி. நம் அறிக்கையில் பெட்டி இருக்கிறது. மீன் மக்களுடைய பங்களிப்பு. அதில் நாம் தலையிடலாமா? நான் மீன் சாப்பிடுவதே இல்லை. அதனால்தான் இதை நடுநிலையாகப் பார்க்க முடிகிறது."

திரும்பும் பேருந்தில் ஜேப்பியிடம் மட்டும் சொன்னேன். அவன் துள்ளிவிட்டான். "அடி ஓட்டை! அவ்ளோதானா? வினோ, நீ பெரிய ஆளு!" என்றான்.

மறுநாள் மதியம் நாங்கள் இருவருமாக அக்கா வீட்டுப் பின்பக்கம் அதைச் செய்தோம். அடுப்பில் கம்பியைப் பழுக்கக் காய்ச்சியது ஜேப்பி. பெட்டியைக் கவிழ்த்துப் பிடித்துக்கொண்டதும் அவன்தான். மூலையில் கம்பியை இறக்கியது நான். பிளாஸ்டிக் உருகிப் புகைந்தது. அக்கா மூக்கை முந்தானையால் பொத்திக்கொண்டு சிரித்தார். பெட்டி வந்த பிறகு அவர் சிரித்து அன்றுதான் பார்த்தேன்.

"யாருகிட்டயும் மூச்சு விடக்கூடாது ஜேப்பி" என்றேன்.

"நான் ஏன் சொல்லப்போறேன்? நானும்தான கூட்டு" என்றான்.

நான்கு நாள் மீன் விறைப்பாக இருந்தது. நான்காம் நாள் விருத்தாம்பாள் அழுத்திப் பார்த்துவிட்டு, "இது மீனு" என்றார். அவ்வளவுதான் சொன்னார். இரண்டு கிலோ கூட எடுத்துக்கொண்டார்.

இப்போது 'உண்மை வட்டம்' எப்படி வேலை செய்கிறது என்று சொல்ல வேண்டும். அதுவும் ஒரு இயந்திரம்தான், பெட்டியைப் போல நன்றாகச் செய்த இயந்திரம். தினமும் மாலை ஆறு மணிக்குத் திருப்பாதிரிப்புலியூரில் எங்கள் வாடகை வீட்டுக் கூடத்தில் ஆறு பேரும் வட்டமாக உட்கார்வோம். ஒரு கூழாங்கல் கைமாறும். கல்லை வைத்திருப்பவர் தன் குறை ஒன்றைச் சொல்ல வேண்டும். குறைக்கு ஏற்ப மதிப்பெண். சின்னக் குறைக்கு இரண்டு, மனம் கலங்கும் குறைக்குப் பத்து. குறையே இல்லை என்றால் சுழியம். தொடர்ந்து ஏழு சுழியம் வாங்கினால் 'உள்ளத்தை மூடியவர்' என்று சிதம்பரத்துக்குக் கடிதம் போகும்.

முதல் மாதத்தில் எல்லோரும் சொந்தக் குறையைச் சொல்லித் தீர்த்துவிட்டோம். பல் தேய்க்காதது, வீட்டு நினைப்பில் அழுதது எல்லாம் தீர்ந்தது. பேரவை இதை எதிர்பார்த்திருந்தது. சொந்தக் குறை இல்லாதவர், பிறர் குறையைத் தடுக்கத் தவறியதைத் தன் குறையாக ஏற்றுச் சொல்லலாம் என்று ஒரு துணைவிதி உண்டு.

ஐந்தாம் நாள் மாலை கல் ஜேப்பியிடம் போனது. அவன் ஆறு சுழியத்தில் இருந்தான். கல்லை உள்ளங்கையில் வைத்துக்கொண்டான்.

"என்னோட குறை என்னன்னா," என்றான், "வினோதினி அஞ்சம்மாள் பெட்டியில ஓட்டை போட்டப்போ நான் தடுக்கல."

பத்து மதிப்பெண்.

நான் அவனையே பார்த்தேன். கம்பியைக் காய்ச்சிய கையில் ஒரு கொப்புளம் இன்னும் ஆறாமல் இருந்தது. அதன் மேல்தான் கல்லை வைத்திருந்தான்.

அப்புறம் அவனைக் கிணற்றடியில் பிடித்தேன். "ஏன்டா?"

"எனக்குச் சொல்ல தப்பே இல்ல வினோ. நாளைக்குக் கடுதாசி போயிருக்கும். நீ என் எடத்துல இருந்தா இன்னா பண்ணுவ?"

"கம்பி காய்ச்சினது நீன்னு சொல்லியிருக்கலாம்ல?"

அவன் கொஞ்சம் யோசித்தான். "அது தோணல" என்றான். அது உண்மை என்றுதான் நினைக்கிறேன். அதனால்தான் மன்னிக்க முடியவில்லை.

மறுநாள், சனிக்கிழமைச் சோதனைக்கு முன்பே, சபாபதி சார் சிதம்பரத்திலிருந்து காரில் வந்து இறங்கினார். கோபப்படவில்லை. பேரவையில் யாரும் கோபப்படுவதில்லை. 'நல்லிணக்க அடைப்பு விழா' என்று ஒன்றை அறிவித்தார். அதே மேளம் வந்தது. ஓட்டை போட்டவரே மக்கள் முன் ஓட்டையை அடைக்க வேண்டும்.

"அடைக்க மறுக்கும் உரிமை உனக்கு உண்டு" என்றார் என்னிடம். "மறுத்தால் அந்தப் பெட்டியைத் திரும்ப எடுத்துக்கொள்வோம். கொட்டகையில் அந்த இடம் வேறொரு பயனாளிக்குப் போகும். முடிவு முழுக்க உன்னுடையது. நாங்கள் யாரையும் கட்டாயப்படுத்துவதில்லை."

ஓட்டை அடைக்கும் எம்சீல் பசையின் இரண்டு துண்டையும் பிசைந்து உருட்டினேன். அஞ்சம்மாள் அக்கா முதல் வரிசையில் நின்றார். கவிழ்த்து வைத்த பெட்டியின் மூலையில் பசையை அழுத்தினேன். என் விரல் பட்ட இடத்தில் குழி விழுந்து அப்படியே நின்றது. எல்லோரும் கை தட்டினார்கள். ஜேப்பிக்கு அன்றைக்கே குழுத்தலைவர் பட்டை குத்தினார்கள். எனக்கு மாதக் கடைசியோடு விடுவிப்பு.

அக்கா கை தட்டவில்லை. பெட்டியைத் தூக்கி இடுப்பில் வைத்துக்கொண்டு போய்விட்டார்.

மறுநாள் மீன் குழைந்தது. விருத்தாம்பாள் அழுத்திப் பார்த்துவிட்டு ஒன்றும் வாங்காமல் எழுந்தார். "பொங்கல் வரைக்கும்னு சொன்னேன். பொங்கலுக்கு மூணு நாளுதான் இருக்கு" என்றார்.

மாலையில் அக்கா வீட்டுக்குப் போனேன். போகாமல் இருந்திருந்தால் சுலபம். அக்காவின் வீட்டுக்காரர் தாண்டவராயன் மாமா படகு ஓரத்தில் உட்கார்ந்து பீடி பிடித்துக்கொண்டிருந்தார். அக்கா மீன் கழுவிக்கொண்டிருந்தார். நிமிரவில்லை.

"நீயே போட்ட. நீயே அடைச்ச" என்றார்.

"அவுங்க சொன்னாங்கக்கா. இல்லன்னா பொட்டிய எடுத்துடுவாங்க."

"யாரு சொன்னா இன்னா. கை ஒன்னோடதுதான?"

பையிலிருந்த படிவக் கட்டை எடுத்து அவர் அடுப்புப் பக்கத்தில் வைத்தேன். எரிக்கட்டும் என்றுதான். பிறகு கேட்டேன்: "பொட்டி குடுத்த மூணாம் நாளு நீங்க ஏதோ சொல்ல வந்தீங்க. நான் பேனாவ எடுத்துட்டேன்."

"தண்ணி வடியணும்னு சொல்ல வந்தேன். நீ அது வலப்பக்கம்னுட்ட. கூடையக் குடுத்தப்பவே தெரியும் எனக்கு, கொஞ்ச நாளு கழிச்சி நீயே கண்டுபுடிச்சி வந்து எனக்கே சொல்லித் தருவன்னு." கத்தியை அலசினார். "அதேமாரிதான் வந்த."

மாமா இருமிக்கொண்டே சிரித்தார். "வடியவும் வேணும், வடியவும் கூடாது. அதான உங்க ஆபீசு கேக்குது?"

"ஆமா மாமா."

"இந்த போட்டு கடல்ல போவுதுல்ல. இதுக்கு அடியில ஓட்டை இருக்குது, தெரியுமா?"

எனக்குத் தெரியாது. வயற்காட்டுப் பெண்ணுக்குப் படகின் அடியில் ஓட்டை இருக்கும் என்று எப்படித் தோன்றும்? மாமா என்னைப் படகின் பின்பக்கம் கூட்டிப்போய்க் காட்டினார். அடியில் கட்டைவிரல் பருமனுக்கு ஒரு துளை. அதில் ஒரு ரப்பர் அடைப்பான். கரைக்கு வந்ததும் அதைப் பிடுங்கினால் படகில் நின்ற தண்ணீரெல்லாம் மணலில் வடிந்துவிடும். கடலுக்குப் போகுமுன் திரும்பச் செருகிக்கொள்வார்கள்.

"செருக மறந்துட்டா?"

"நீச்சல்தான்" என்றார் மாமா.

அக்கா கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து வந்து, மாமாவின் பையிலிருந்து இன்னொரு அடைப்பானை எடுத்து என் கையில் வைத்தார். "செய்யி" என்றார். "இந்தத் தடவ ஒன்ன நம்பி இல்ல. கண்ணெதிர செய்யி, நான் பாக்கிறேன்."

செய்தேன். அக்கா கடைசிவரை எதிரில் உட்கார்ந்து பார்த்தார். மறுநாள் காலை சந்தைக்கு என்னைக் கூப்பிடவில்லை. விருத்தாம்பாள் பழையபடி வாங்கத் தொடங்கிவிட்டார் என்பதை மற்றப் பெண்கள் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். அவர்களும் ஆளுக்கொரு அடைப்பான் வாங்கி வைத்திருந்தார்கள்.

அடுத்த சனிக்கிழமை ஜேப்பி பட்டை குத்திக்கொண்டு சோதனை நடத்தினான். பத்துச் செய்தித்தாளும் காய்ந்திருந்தன. அஞ்சம்மாள் பெட்டியைத் தானே புரட்டி, மூலையில் எம்சீலைத் தடவிப் பார்த்தான்.

"நல்லா நிக்குது வினோ" என்றான். பழைய சிநேகிதத்தோடுதான் சொன்னான்.

"நிக்குது" என்றேன்.

அன்று மாலை கல் என் கைக்கு வந்தது. என்னிடம் அன்று நல்ல குறை ஒன்று இருந்தது, பத்து மதிப்பெண் பெறும். கல்லை அப்படியே அடுத்தவரிடம் கொடுத்துச் சுழியம் வாங்கிக்கொண்டேன். மாதக் கடைசியில் என் சான்றிதழ் வந்தது. அதில் 'கசிவு: ஒன்று' என்று எழுதியிருந்தார்கள்.

செய்முறை இதுதான். பெட்டியின் அடியில் ஒரு மூலையில் கட்டைவிரல் பருமனுக்கு ஓட்டை போட வேண்டும். சுவருக்கு நடுவில் உள்ள நுரைக்குள் தண்ணீர் இறங்காமலிருக்க, அந்த ஓட்டையில் சிறு துண்டு பிளாஸ்டிக் குழாயைச் செருகிச் சுற்றிப் பசை வைக்க வேண்டும். பெட்டிக்குள் மூங்கில் தட்டி ஒன்றைப் போட்டு, அதன்மேல் ஐஸும் மீனும் மாற்றி மாற்றி அடுக்க வேண்டும். பெட்டியை ஓட்டைப் பக்கம் கொஞ்சம் சாய்த்து வைத்தால் தண்ணீர் வடிந்துவிடும், மீன் பகல் வரை விறைப்பாக இருக்கும். படகு அடைப்பான் ஒன்றின் தலையில் எம்சீல் பூசிக் காயவைத்துக்கொள்ள வேண்டும். சனிக்கிழமை நான்கு மணிக்கு அதை வெளிப்பக்கமாகச் செருகி, கை தட்டி முடிந்ததும் பிடுங்கிவிட வேண்டும்.